டெல்டாவுக்குக் கீழே எவ்வளவு சூடு? நிலத்தடி நீரின் வேதியியலை வைத்துப் புவிவெப்ப வாய்ப்பைக் கணிக்க ஒரு முழு வழிகாட்டி

முந்நூறு, நானூறு மீட்டர் இறக்கிய போரில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருவதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கீழே இவ்வளவு சூடு கிடக்குதே, கரண்ட் எடுக்க முடியாதா?" என்ற கேள்வியும் கூடவே வரும். 2025 செப்டம்பரில் மத்திய அரசு புவிவெப்ப ஆற்றலுக்கென்று தேசியக் கொள்கை வெளியிட்ட பிறகு இந்தக் கேள்விக்கு மவுசு கூடியிருக்கிறது.

இரண்டு கிலோமீட்டர் துளைத்துப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும், ஆனால் அது கோடிகளில் போகிற வேலை. அதற்கு முன்னால் மலிவாகச் செய்யக்கூடியது, ஏற்கெனவே மேலே வந்துகொண்டிருக்கும் தண்ணீரைப் படிப்பது. பாறையோடு நெடுங்காலம் சூட்டில் கிடந்த தண்ணீர், அந்தச் சூட்டுக்கேற்ற அளவில் சிலிக்கா, பொட்டாசியம், மக்னீசியம், லித்தியம் எல்லாவற்றையும் கரைத்து வைத்திருக்கும். மேலே ஏறும்போது தண்ணீர் ஆறிவிடும். கரைந்தவை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அந்த அளவுகளிலிருந்து கீழே இருந்த வெப்பநிலையைப் பின்னோக்கிக் கணக்கிடும் சூத்திரங்களை வேதி வெப்பமானி என்கிறோம்.

இமாச்சலத்தின் மணிகரண், லடாக்கின் பூகா மாதிரி ஊற்றே கொதிக்கிற இடங்களில் இந்த வெப்பமானிகளோடு வேலை செய்வது ஓரளவு சுலபம். டெல்டாவில் கடலும் உரமும் களிமண்ணும் சேர்ந்து அவற்றைப் பொய் சொல்ல வைக்கும். ஆகவே இங்கே வேதியியலுக்கு முதல் வேலை போலிகளைக் கழித்துக்கட்டுவதுதான் என்பது என் கட்சி. கழித்த பிறகு ஏதாவது மிஞ்சினால் அதைப் பற்றிப் பேசலாம்.

முதல் படி: கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கோண்டுவானாப் பெருநிலம் பிளந்தபோது உருவான பள்ளத்தில்தான் காவிரிப் படுகை உட்கார்ந்திருக்கிறது. மேலே ஆற்று வண்டல், அதற்கடியில் கடலூர் மணற்கல், அதற்கும் கீழே பழைய கடல் படிவுகள் என்று அடுக்கடுக்காகப் போகும். தரையடியில் இது சமமாகவும் இல்லை. தஞ்சாவூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பெயர்களில் ஆழமான பள்ளங்களும், கும்பகோணம், மன்னார்குடி, காரைக்கால் பெயர்களில் மேடுகளும் உண்டு. பள்ளங்களில் படிவு பல கிலோமீட்டர் தடிமன், மேடுகளில் அடிப்பாறை மேலே நெருங்கி நிற்கும். அடிப்பாறை படிவுகளைவிட நன்றாகச் சூட்டைக் கடத்துவதால், மேட்டுக்கு மேலுள்ள படிவுகளில் சூடு கொஞ்சம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. பக்கத்துப் பக்கத்து ஊரில் ஒரே ஆழத்தில் வெப்பநிலை வேறுபட்டால் முதலில் இந்த வரைபடத்தைப் பாருங்கள்.

1960களிலிருந்து ஓ.என்.ஜி.சி. இங்கே துளைத்துக்கொண்டிருப்பதால் ஆழத் தகவலுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய்க் கிணறுகளின் அடிமட்ட வெப்பநிலைப் பதிவுகளை, ஹைட்ரோகார்பன் இயக்குநரகத்தின் தேசியத் தரவுக் களஞ்சியத்தில் உரிய முறைப்படி கேட்கலாம். சீர்காழி அருகே மாதானத்தில் உடைந்த அடிப்பாறையிலிருந்தே எண்ணெய் கிடைத்தது. அப்படியென்றால் அந்தப் பாறையின் வெடிப்புகளில் திரவம் ஓட இடமிருக்கிறது. புவிவெப்பம் தேடுகிறவருக்கு இது நல்ல சேதி.

இரண்டாம் படி: எந்தப் போர், எந்த மாதம்

ஃபில்டர் பாயிண்டைத் தொடாதீர்கள். இருபது, முப்பது மீட்டரில் வண்டல் மணலிலிருந்து வரும் தண்ணீர், போன மாதம் வாய்க்காலில் ஓடிய தண்ணீர்தான். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு மூன்று எடுத்துக்கொண்டால் போதும். உங்களுக்கு வேண்டியது கடலூர் மணற்கல்லையும் அதற்குக் கீழுள்ள அடுக்குகளையும் எட்டிய போர்கள்: குடிநீர்த் திட்டங்களின் ஆழ்துளைகள், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கும் போர்கள் போன்றவை.

ஆழத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தெந்த மட்டத்தில் ஃபில்டர் பைப் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 350 மீட்டர் போரில் 90 மீட்டரிலும் ஒரு ஃபில்டர் இருந்தால், வருவது இரண்டு தண்ணீரின் கலவை. போர் போட்டவரின் நோட்டில் இது இருக்கும். நோட்டு இல்லையென்றால் அந்தப் போரை இரண்டாம் வரிசையில் வையுங்கள்.

மாதம் என்று பார்த்தால் மே நல்லது. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல்தான் திறக்கும். அதற்கு முன்னால் வாய்க்கால்கள் காய்ந்து கிடக்கும், மேல்நீர் கலப்பு குறைவு. அதே போரில் ஜனவரியில், வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், இன்னொரு மாதிரி எடுங்கள். இரண்டு மாதத்துக்கும் உப்பும் சிலிக்காவும் மாறாமல் இருந்தால் அது ஆழத்துத் தண்ணீர் என்று நம்பலாம்.

ஊருக்குள் போவதைப் பற்றி ஒரு வார்த்தை. 2017-ல் நெடுவாசலும் கதிராமங்கலமும் என்ன பட்டன என்று எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பாட்டிலோடு போய் இறங்கினால் "மீத்தேன்காரங்களா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஊராட்சித் தலைவரிடம் என்ன எடுக்கிறோம், எதற்கு எடுக்கிறோம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, முடிவின் ஒரு நகலையும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் குடிக்கிற தண்ணீர் அது.

மூன்றாம் படி: கிணற்றடி வேலை

பாதி ஆய்வுகள் கெட்டுப்போவது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

எட்டங்குல கேசிங் 350 மீட்டர் ஆழம் போனால், அதற்குள் நிற்கும் தண்ணீரே சுமார் 11,000 லிட்டர். நின்று ஆறிய இந்தத் தண்ணீரைப் போல மூன்று மடங்கு வெளியேறிய பிறகு மாதிரி எடுக்க வேண்டும் என்பது பொது விதி. நிமிடத்துக்கு 200 லிட்டர் தரும் மோட்டாரில் அதற்கு ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். அதனால்தான் தினமும் ஓடும் குடிநீர் போர் நமக்கு வசதி. டேங்க் ஆபரேட்டர்களுக்கு இது ஆய்வாளர்களைவிட நன்றாகத் தெரியும். "மொதல்ல வர்றது ராத்திரி ஆறுன தண்ணி சார், அப்புறமாத்தான் சூடு ஏறும்" என்று அவர்களே சொல்வார்கள். வெப்பமானியைத் தொட்டியில் போடாமல், மோட்டாரை ஒட்டிய வால்வில், தண்ணீர் ஓடும்போதே வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். வெப்பநிலை, பி.ஹெச்., மின்கடத்துத்திறன் மூன்றும் அடுத்தடுத்த மூன்று குறிப்புகளில் அசையாமல் நின்றால் பாட்டிலைத் திறக்கலாம்.

ஒரு போருக்கு நான்கு பாட்டில்:

சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், லித்தியம், சிலிக்கா, போரானுக்கு ஒரு பிளாஸ்டிக் பாட்டில். 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, தூய நைட்ரிக் அமிலம் விட்டு பி.ஹெச். 2-க்குக் கீழே இறக்க வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது, கண்ணாடியே சிலிக்காவையும் போரானையும் தண்ணீருக்குள் விடும்.

குளோரைடு, சல்பேட், புரோமைடுக்கு வடித்தது, அமிலம் விடாதது.

பைகார்பனேட்டை அங்கேயே டைட்ரேஷன் செய்துவிடுங்கள். ஆழத்துத் தண்ணீரிலிருந்து கரியமில வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும், சாயங்காலம் லேபில் பார்க்கும் எண் வேறாக இருக்கும்.

ஐசோடோப்புக்கு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) வடிக்காமல், அமிலமும் விடாமல், ஒரு குமிழிகூட இல்லாமல் கழுத்துவரை நிரப்பி இறுக மூடியது. டிரிட்டியமும் (கதிரியக்க ஹைட்ரஜன்) பார்ப்பதென்றால் தனியாக ஒரு லிட்டர்.

தானாகப் பொங்கும் போரில் குமிழி வந்தால் பீடி, தீக்குச்சி எதையும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். இது எரிவாயுப் படுகை.

நான்காம் படி: லேபிடம் சரியாகக் கேளுங்கள்

வழக்கமான குடிநீர்ச் சோதனை நமக்கு உதவாது. அதில் லித்தியம் இருக்காது, சிலிக்காவும் பெரும்பாலும் இருக்காது. மக்னீசியத்தைக் கடினத்தன்மையிலிருந்து கழித்துச் சொல்வார்கள். சூடான ஆழத்துத் தண்ணீரில் மக்னீசியம் லிட்டருக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் இருக்கும், அந்த முறையில் அது பிடிபடாது. தனிமங்களை மிக நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐ.சி.பி. கருவி உள்ள லேபாகப் பாருங்கள்.

அறிக்கை கையில் வந்ததும் அலகைப் பாருங்கள். சிலிக்கா என்று போட்டு சிலிக்கானின் அளவைக் கொடுத்திருந்தால் 2.14 ஆல் பெருக்க வேண்டும். மக்னீசியம் கால்சியம் கார்பனேட் கணக்கில் இருந்தால் 0.243 ஆல் பெருக்குங்கள். காரத்தன்மையை 1.22 ஆல் பெருக்கினால் பைகார்பனேட்.

அப்புறம் மின்னேற்றச் சமநிலை. நேர் அயனிகளின் கூட்டுத்தொகையும் எதிர் அயனிகளின் கூட்டுத்தொகையும் சமான அலகில் (மில்லி ஈக்விவலண்ட்) ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்த அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். வைத்துக்கொண்டு விளக்கம் தேடுவது வீண் வேலை.

ஐந்தாம் படி: சூத்திரங்களும் அவை சொல்லும் பொய்களும்

அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராமில், லாக் பத்தடி மடக்கை, விடை செல்சியஸில். குவார்ட்ஸும் சால்செடனியும் சிலிக்காவாலான கனிமங்கள்.

குவார்ட்ஸ்: 1309 ÷ (5.19 − லாக் சிலிக்கா) − 273.15
சால்செடனி: 1032 ÷ (4.69 − லாக் சிலிக்கா) − 273.15
சோடியம்–பொட்டாசியம்: 1390 ÷ (1.75 + லாக் (சோடியம் ÷ பொட்டாசியம்)) − 273.15
பொட்டாசியம்–மக்னீசியம்: 4410 ÷ (14.0 − லாக் (பொட்டாசியத்தின் வர்க்கம் ÷ மக்னீசியம்)) − 273.15
மக்னீசியம்–லித்தியம்: 2200 ÷ (5.47 + லாக் (மக்னீசியத்தின் வர்க்கமூலம் ÷ லித்தியம்)) − 273.15

இவற்றை முதலில் வங்கக்கடல் மேல் ஏவிப் பாருங்கள். சராசரிக் கடல்நீரில் சோடியம் சுமார் 10,800, பொட்டாசியம் 390, மக்னீசியம் 1,290, லித்தியம் 0.18. சோடியம்–பொட்டாசியம் சூத்திரம் கடலுக்கு 162 டிகிரி என்கிறது! பொட்டாசியம்–மக்னீசியம் 97 என்கிறது. வேதாரண்யத்துக் கரையில் நின்று காலை நனைத்தவர் யாரும் இதை நம்ப மாட்டார். நாகை, வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தில் உப்பேறிய ஒரு போரை எடுத்து இந்தச் சூத்திரத்தில் போட்டால் "150 டிகிரி நீர்த்தேக்கம்" என்று விடை வரும். நீங்கள் கண்டுபிடித்தது கடலைத்தான்.

மக்னீசியம்–லித்தியம் சூத்திரம் மட்டும் அதே கடல்நீருக்கு 10 டிகிரிதான் தருகிறது. எண்ணெய் வயல் நீருக்கென்றே உருவான சூத்திரம் இது, கடல் கலந்தாலும் சூட்டை ஊதிக் காட்டாது. டெல்டாவுக்கு நான் முதலில் நம்புவது இதைத்தான். கடல் கலப்பு எவ்வளவு என்று தனியாகப் பார்க்க குளோரைடு–புரோமைடு விகிதம் உதவும். கடல்நீரில் எடைக்கணக்கில் அது சுமார் 290. உங்கள் உப்புத் தண்ணீரும் அதே எண்ணைத் தந்தால் அதன் உப்பு கடல்வழி வந்தது, இன்றைய கடலாகவும் இருக்கலாம், படிவில் சிக்கிய பழைய கடலாகவும் இருக்கலாம்.

அடுத்த பொய் பொட்டாஷ். வயலுக்கு நடுவில் உள்ள ஆழமில்லாத போரில் சோடியம் 90, பொட்டாசியம் 25 என்று வந்தால் சூத்திரம் 330 டிகிரி சொல்லும். உர மூட்டையின் வெப்பநிலை அது. எண்ணெய்க் கிணற்று நீர் கிடைத்தாலும் இதே எச்சரிக்கைதான்: துளைக்கும் சேற்றில் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பது வழக்கம், மிச்சம் கலந்திருந்தால் பொட்டாசியக் கணக்கு அத்தனையும் பாழ்.

மூன்றாவது சிலிக்கா, கொஞ்சம் நுட்பமானது. வெப்பமண்டல மண்ணில் பெல்ட்ஸ்பார் கனிமம் சிதைந்து சாதாரணக் குளிர்ந்த கிணற்றிலேயே சிலிக்கா 30, 40, சில இடங்களில் 60 வரைகூட இருக்கும். 60 என்றால் குவார்ட்ஸ் சூத்திரம் 110 டிகிரி காட்டும். படிவுப் படுகையில், இந்த மாதிரித் தாழ்ந்த வெப்பநிலையில், சிலிக்காவைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் சால்செடனிதான். அதைப் போட்டால் 81. இரண்டு சூத்திரத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட முப்பது டிகிரி. திட்ட அறிக்கைகளில் எதற்கு எப்போதும் குவார்ட்ஸ் எண்ணே இடம்பெறுகிறது என்று ஊகிக்க பெரிய மூளை வேண்டாம். உங்கள் பகுதியின் ஃபில்டர் பாயிண்டில் சிலிக்கா எவ்வளவு என்று பாருங்கள். ஆழ்துளையிலும் அதே அளவென்றால் அந்த சிலிக்கா சூட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

ஆறாம் படி: ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

பழகிக்கொள்ள ஒரு கற்பனைத் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ஆழம் 350 மீட்டர், ஃபில்டர் அடியில் மட்டும். வால்வில் 42 டிகிரி. சோடியம் 420, பொட்டாசியம் 9, கால்சியம் 8, மக்னீசியம் 3, லித்தியம் 0.12, சிலிக்கா 46, குளோரைடு 280, பைகார்பனேட் 640, சல்பேட் 20. மின்னேற்றச் சமநிலை ஒரு சதவீதத்துக்குள் வருகிறது, சரி.

முதலில் வெப்பநிலையை மட்டும் பார்ப்போம். டெல்டாவில் ஆண்டுச் சராசரி 28, 29 டிகிரி. சாதாரணக் கண்டப் பகுதியில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி ஏறும். அந்தக் கணக்கில் 350 மீட்டரில் 39 டிகிரியை எந்த விசேஷமும் இல்லாமலே எதிர்பார்க்கலாம். நம் தண்ணீர் 42. கையில் பட்டால் சுடுகிற மாதிரி இருந்தாலும் உபரி மூன்றே டிகிரி. கிலோமீட்டருக்கு சுமார் 39 டிகிரி ஏற்றம் என்று கணக்காகிறது. சராசரிக்கு மேல்தான், ஆனால் அதிசயம் இல்லை. சூடான போர் என்று ஊரே பேசினாலும் இந்தக் கழித்தலைச் செய்யாமல் நம்பாதீர்கள்.

இனி வேதியியல். சால்செடனி 68, பொட்டாசியம்–மக்னீசியம் 78, மக்னீசியம்–லித்தியம் 59, குவார்ட்ஸ் 98, சோடியம்–பொட்டாசியம் 133. கடைசியை விட்டுவிடலாம், அந்தச் சூத்திரம் 180 டிகிரிக்கு மேற்பட்ட நீர்த்தேக்கங்களில்தான் நம்பத்தக்கது. முதல் மூன்றும் வெவ்வேறு கனிமங்களைச் சார்ந்தவை, ஆனாலும் 59-க்கும் 78-க்கும் நடுவே கூடி நிற்கின்றன. தனித்தனியாக விசாரித்த மூன்று சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கிற மாதிரி. நடுவில் 68 என்று வைத்துக்கொண்டால், மேலே கண்ட ஏற்றத்தில் அந்தச் சூடு சுமார் ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் கிடைக்கும். பக்கத்து எண்ணெய்க் கிணற்றின் வெப்பநிலைப் பதிவும் அதைச் சொன்னால் உங்கள் கணிப்பு காலூன்றிவிட்டது.

ஒத்துப்போகாவிட்டால்? பொட்டாசியம்–மக்னீசியம் மற்றவற்றைவிடக் குறைந்து போனால் மேலே ஏறும் வழியில் தண்ணீர் மறுபடி சமநிலைக்கு வந்திருக்கலாம், அல்லது மக்னீசியம் நிறைந்த மேல்நீர் கலந்திருக்கலாம். சோடியம், பொட்டாசியம், மக்னீசியத்தின் முக்கோண வரைபடத்தில் புள்ளிகளைக் குறியுங்கள். மக்னீசிய மூலையில் போய் ஒட்டிக்கொள்பவை பாறையோடு சமநிலை அடையாத தண்ணீர்கள். அவற்றுக்கு வெப்பமானி எண்ணே போடாதீர்கள். டெல்டாவில் எடுக்கிற மாதிரிகளில் பெரும்பான்மை அந்த மூலையில்தான் விழும் என்று எதிர்பார்த்தே வேலையைத் தொடங்குங்கள்.

ஏழாம் படி: ஐசோடோப்பு

கைக்காசு மிச்சமிருந்தால் செய்யுங்கள். ரூர்க்கியின் தேசிய நீரியல் நிறுவனம், மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் இந்த வசதி உண்டு. ஆக்ஸிஜன்-18, டியூட்டீரியம் இரண்டும் தண்ணீர் எந்த மழையில் பிறந்தது என்று காட்டும். வடகிழக்குப் பருவமழை இந்தக் கனமான ஐசோடோப்புகளில் வறியது. மேட்டூரில் தேங்கி, ஆவியாகி, வெண்ணாற்றில் வரும் தண்ணீருக்குத் தனி முத்திரை இருக்கும். ஆழ்துளையில் அந்த முத்திரை தெரிந்தால் வாய்க்கால் நீர் கீழே போயிருக்கிறது. டிரிட்டியம் இல்லையென்றால் 1950களின் அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன்னால் பூமிக்குள் போன தண்ணீர். அதிகச் சூடுள்ள இடங்களில் ஆக்ஸிஜன்-18 பாறையிலிருந்து ஏறி, வரைபடத்தில் மழைநீர் மாதிரிகள் விழும் கோட்டிலிருந்து விலகும். நாம் பேசும் 60, 80 டிகிரியில் அந்த விலகலைத் தேடாதீர்கள்.

எட்டாம் படி: 68 டிகிரியை வைத்து என்ன செய்வது?

மின்சாரத்துக்கு இது போதாது. தாழ்கொதிநிலைத் திரவத்தைச் சுழற்றும் நிலையங்களுக்கே பொதுவாக 80, 100 டிகிரிக்கு மேல் வேண்டும். பம்புக்குப் போகிற மின்சாரத்தையும் கழித்தால் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் டெல்டாவுக்கு மின்சாரத்தைவிடச் சூடே அவசரம் என்பது என் எண்ணம். குறுவை அறுப்பு மழையோடு வருகிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் தகராறு, தளர்வு கேட்டு ஒவ்வோர் ஆண்டும் டெல்லிக்குக் கடிதம். நெல்லை உலர்த்த வேண்டிய சூடு இந்த எல்லைக்குள்தான். புழுங்கல் அரிசி ஆலையில் ஊறவைக்கும் தண்ணீரும் 60, 70 டிகிரிதான், அதற்காக உமியை எரிக்கிறோம். அறிக்கை எழுதும்போது மெகாவாட் கணக்கு போடாமல், இத்தனை டிகிரியில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று எழுதுங்கள். ஆலைக்காரருக்கு அதுதான் புரியும். வெப்பநிலையை 59 முதல் 78 வரை என்று வீச்சாகவே கொடுங்கள்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020-ன் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு தேடித் துளைப்பதைத் தடுக்கிறது. சுடுநீருக்குத் துளைப்பது அந்த வகையில் வராது என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஒரு கிலோமீட்டர் போனால் வாயு எட்டிப்பார்க்கக்கூடிய நிலம் இது. மாவட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கடைசியாக, சூடு எடுத்த பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதற்கும் பதில் அதே லேப் அறிக்கையில் இருக்கிறது. நம் கற்பனைத் தண்ணீரில் சோடியம் அதிகம், கால்சியமும் மக்னீசியமும் சொற்பம். சோடியம் உறிஞ்சு விகிதத்தைப் போட்டால் 32 வருகிறது. பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் உச்சம் 26, போரானுக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம். இதை ஆறவைத்து வாய்க்காலில் விட்டால் இரண்டு மூன்று போகத்தில் களிமண் இறுகி, மேலே தண்ணீர் நின்றாலும் வேருக்கு இறங்காது. ஆகவே எடுத்த தண்ணீரை அதே அடுக்குக்குத் திருப்பி அனுப்ப இரண்டாவது போர் வேண்டும். திட்டச் செலவில் துளையிடும் கணக்கை முதல் நாளிலிருந்தே இரண்டால் பெருக்கி எழுதுங்கள்.